மெடிகேர் ஆடிட்டில் மாட்டிய பிசியோதெரபி பில்கள்: ஒரு சென்னை பில்லிங் ஊழியரின் அனுபவம்

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க கிளினிக்குகளுக்குப் பில் போடுகிற பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் டீம் பார்ப்பது ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் கணக்கு. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். அதனால் முக்கால்வாசிப் பணம் மெடிகேரிலிருந்துதான் வரும். 1965இல் சட்டமான அரசுக் காப்பீடு அது. ஆனால் பில்களை அரசே நேரடியாகப் பார்ப்பதில்லை, பகுதிவாரியாக ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டிருக்கிறது. 2025இல் அப்படியொரு நிறுவனத்திடமிருந்து கிளினிக்குக்கு டி.பி.இ. (Targeted Probe and Educate: சில பில்களை எடுத்துப் பார்த்து, குறையைச் சொல்லித்தரும் ஆடிட்) கடிதம் வந்தது.

"நாங்கள் மோசடி செய்தோம் என்கிறார்களா?" என்றுதான் கிளினிக் மேனேஜர் முதலில் கேட்டார். இல்லை. ஒரு பில்லிங் கோடை, அதாவது ஒரு சிகிச்சையைக் குறிக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு, அதில் 20 முதல் 40 பில்கள் வரை மருத்துவக் குறிப்புகளோடு கேட்பார்கள். பார்த்துவிட்டு, எங்கே குறை என்று போனில் சொல்லித்தருவார்கள். குறை அதிகம் இருந்தால் மறுபடி ஒரு சுற்று. இப்படி மூன்று சுற்று வரை போகலாம். மூன்றிலும் தேறாவிட்டால்தான் விஷயம் மேலே போகும், எல்லாப் பில்லையும் நிறுத்திவைத்துப் பார்ப்பது போன்ற நடவடிக்கைகள் வரும். எங்களிடம் கேட்டது 97110, அதாவது உடற்பயிற்சி சிகிச்சை. பிசியோதெரபியில் தினமும் போடுகிற கோடு.

ஒவ்வொரு பில்லுக்கும் தனியாக ஆவணக் கோரிக்கை வரும், பதில் அனுப்ப 45 நாள். அனுப்பாவிட்டால் பில் தள்ளுபடி, சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் சரி. கடிதம் மெடிகேர் பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும் என்பதால், இடம் மாறிய கிளினிக்குகள் முதலில் பெகோஸில், அதாவது மெடிகேரின் பதிவுத் தளத்தில் முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.

குறிப்புகளைத் திறந்து உட்கார்ந்தோம். யூனிட் கணக்கில்தான், அதாவது சிகிச்சை நேரத்தைப் பில்லுக்கான அளவாக மாற்றுவதில்தான் அடிவாங்குவோம் என்று டீமில் எல்லோருக்கும் பயம். மெடிகேரில் எட்டு நிமிட விதி உண்டு: 8 முதல் 22 நிமிடம் வரை ஒரு யூனிட், 23 முதல் 37 வரை இரண்டு, 38 முதல் 52 வரை மூன்று. ஒரு பில்லில் 33 நிமிடம் உடற்பயிற்சி, 7 நிமிடம் கையால் செய்யும் சிகிச்சை. ஏழு நிமிடத்துக்கு எப்படி ஒரு யூனிட் போட்டோம் என்று புதிதாகச் சேர்ந்த பையன் பதறினான். மொத்தம் 40 நிமிடம், ஆகவே மூன்று யூனிட். உடற்பயிற்சிக்கு இரண்டு, மீதி ஒன்று அந்த ஏழு நிமிடத்துக்கு. விதிப்படியே சரி. ஆடிட்டிலும் அது அப்படியே பாஸானது.

அடி விழுந்தது வேறு இடத்தில். தினக்குறிப்பில் "நோயாளி பயிற்சியை நன்றாகச் செய்தார், திட்டப்படி தொடரவும்" என்று ஒரே வரி, வாரக்கணக்கில். மென்பொருளில் முந்தைய நாள் குறிப்பை இழுத்துப் போட ஒரு பட்டன் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும். ஆய்வு செய்த நர்ஸ் போனில் கேட்டது நியாயமான கேள்வி: "இதை அவர் வீட்டில் தானே செய்துகொள்ள முடியாதா? தெரபிஸ்ட் எதற்கு?" எந்த அசைவைத் திருத்தினார், எவ்வளவு எடை கூட்டினார், முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது என்று எழுதியிருந்த பில்களை அவர்கள் தொடவே இல்லை. நோயாளியின் சிகிச்சைச் செலவு அந்த ஆண்டின் வரம்பான 2,410 டாலரைத் தாண்டியதால் கே.எக்ஸ். என்ற குறியீடு போட்ட பில்களில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையாக இருந்தது. சிகிச்சை தேவைதான் என்று நாமே உறுதிசொல்வதுதானே கே.எக்ஸ்.

அப்புறம் கையெழுத்து. சிகிச்சைத் திட்டத்தில் 30 நாளுக்குள் மருத்துவர் கையெழுத்திட வேண்டும். 2025 முதல் கொஞ்சம் தளர்வு: மருத்துவரின் கையெழுத்தும் தேதியும் உள்ள பரிந்துரை இருந்து, திட்டத்தை 30 நாளுக்குள் அவருக்கு அனுப்பியதற்கு ஆதாரமும் இருந்தால் முதல் தடவைக்கு அது போதும். கையெழுத்து இல்லை என்று ஒரு பில்லைத் தள்ளியிருந்தார்கள். பரிந்துரையும் ஃபேக்ஸ் போன ரசீதும் கிளினிக்கில் பத்திரமாக இருந்தன. மேல்முறையீட்டின் முதல் படிக்கு 120 நாள் அவகாசம் உண்டு. இரண்டையும் மேலே வைத்து அனுப்பினோம், பணம் வந்தது. திட்டத்தைப் புதுப்பிக்கும்போது மட்டும் இந்தத் தளர்வு கிடையாது. கையெழுத்து வாங்கியே ஆக வேண்டும்.

முதல் சுற்றில் தேறவில்லை. அடுத்த சுற்றுக்கு முன்னால் திருத்திக்கொள்ள குறைந்தது 45 நாள் தருகிறார்கள். அந்த இடைவெளியில் எங்கள் இரவு ஷிஃப்ட் முழுக்க இதுதான் வேலை. பில் போடும் முன் குறிப்பைப் படிப்போம், நிமிடம் இல்லாவிட்டாலோ நேற்றைய வரியே இன்றும் இருந்தாலோ தெரபிஸ்டுக்குத் திருப்பி அனுப்புவோம். எழுதவேண்டியது அவர்தான், நாங்கள் ஒரு சொல்கூடச் சேர்க்க முடியாது. தெரபிஸ்டுகளுக்கு எங்கள் மேல் நல்ல கோபம். ஒருவர் மெசேஜில் "நான் நோயாளியைப் பார்க்கவா, கட்டுரை எழுதவா?" என்று கேட்டேவிட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

இரண்டாம் சுற்றில் விட்டுவிட்டார்கள். 97110க்கு இனி குறைந்தது ஓராண்டு டி.பி.இ. வராது. மற்ற கோடுகளுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் 97140 (கையால் செய்யும் சிகிச்சை) குறிப்புகளை இப்போதே பார்க்க ஆரம்பித்திருக்கிறோம்.