ரெஜெக்ஸ் கண்ணுக்கு 'அவன்' தெரிவதில்லை

பழைய நாட்டுடைமை நூல்களின் ஓசிஆர் கோப்புகளை (ஸ்கேன் படத்திலிருந்து கணினியே படித்தெடுத்த எழுத்துகளை) திருத்துவதுதான் இப்போது என் ராத்திரி வேலை. ஒரே பிழை பக்கத்துக்குப் பக்கம் வரும். கையால் மாற்ற எனக்குப் பொறுமை கிடையாது. பைத்தான் நிரல்மொழியில் சின்னச் சின்ன ரெஜெக்ஸ் விதிகள் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் குறியீடுகள்) எழுதி ஓட்டிவிடுகிறேன்.

ஆங்கில உதாரணங்களோடு வரும் பாடங்களை அப்படியே நம்பி இறங்கினால் தமிழில் வேடிக்கைதான். 'அவன்' என்ற சொல்லைத் தேட இருபுறமும் சொல் தொடங்கும், முடியும் இடத்தைக் காட்டும் சொல் எல்லைக் குறி (பின்சாய்வுக் கோடும் 'பி'யும்) போட்டுப் பாருங்கள். "அவன் வந்தான்" என்ற வரியில் ஒன்றும் சிக்காது. "அவன்தான் வந்தான்" என்றால் சிக்கும்! பைத்தானோடு கூடவே வரும் 'ஆர்ஈ' மாட்யூல் (ரெஜெக்ஸுக்கான நிரல் தொகுப்பு) எழுத்து, எண், அடிக்கோடு இவற்றைத்தான் சொல்லில் சேர்க்கிறது. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் நம் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. புள்ளிக்குப் பின் இடைவெளி வந்தால் அதற்கு இரண்டும் ஒன்றுதான், எல்லையே இல்லை. புள்ளிக்குப் பின் 'த' வந்தால் அங்கே எல்லை. நான் இப்படி எழுதுகிறேன்:

(?<![ஃ-்])அவன்(?![ஃ-்])

முன்னும் பின்னும் வேறு தமிழ்க் குறியீடு ஒட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். 'ரெஜெக்ஸ்' என்ற பெயரிலேயே தனியாக ஒரு மாட்யூல் கிடைக்கிறது, அதற்குக் குறிகளும் சொல்லின் பகுதி என்று தெரியும். ஆனாலும் நான் பழைய மாட்யூலோடுதான் மல்லுக்கட்டுகிறேன், எங்கு போனாலும் அது இருக்கும் என்பதால்.

சரி, பெரிய தலைவலிக்கு வருவோம். பல அச்செழுத்துகளில் ரி, ர் இரண்டிலும் ர-வின் அடிக்கோடு இருக்காது, பார்க்கத் துணைக்கால் போலவே இருக்கும். அதனால் ஓசிஆர் 'ஊரில்' என்பதை 'ஊாில்' என்று படித்து வைக்கும். தட்டச்சு செய்கிறவர்களும் இதையே செய்கிறார்கள். ஒரு துணைக்காலுக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே முடியாது. எனவே விதி சுலபம்:

ா(?=[ி-்])

அடுத்து ஒரு குறி வரும் காலை மட்டும் இது பிடிக்கும். சிக்குவதை 'ர' ஆக்கிவிடலாம். அடைப்புக்குள் 'ா' விலிருந்து தொடங்காமல் 'ி' யிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 'காாியம்' என்று இரண்டு கால் சேர்ந்து வரும்போது முதல் காலைத் தொடக் கூடாது, இரண்டாவதுதான் ர. இதோடு முடியவில்லை. யூனிகோடை முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் ஒரே 'கொ' இரண்டு விதமாகக் கோப்பில் கிடக்கும். கொண்டுவந்ததும் பெரியாரின் ஒற்றைக்கொம்பும் போலிக் காலும் ஒட்டி, 'பொியார்' ஆகிவிடுவார். அதற்குத் தனி விதி: குறிக்கு முன் வரும் 'ொ' வை 'ெர' ஆக்கு, 'ோ' வை 'ேர' ஆக்கு. 'போ்' சரியாகி 'பேர்' ஆகும்.

அப்புறம் ஔவையார். பாதிக் கோப்புகளில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நின்று 'ஒளவையார்' என்று இருப்பார். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'ஒளி' கெட்டுவிடும்.

ஒள(?![ா-்])

ள-வுக்குப் பின் குறி இல்லாத இடத்தில் மட்டும் மாற்றச் சொன்னால் ஒளி தப்பிக்கும். இதே நிபந்தனையோடு 'மெளனம்', 'கெளரவம்' இரண்டையும் சரிசெய்யலாம், 'வெள்ளம்' பத்திரமாக இருக்கும்.

எந்த விதியையும் எடுத்தவுடன் கோப்பில் எழுத விடுவதில்லை. சிக்கும் சொற்களை எண்ணிக்கையோடு ஒரு பட்டியலாக எடுத்து, கீழிருந்து மேலாகப் படிக்கிறேன். நூறு முறை வந்த சொல்லில் ஆபத்து குறைவு. ஒரே ஒரு முறை வந்ததில்தான் ஊர்ப்பெயரோ ஆசிரியரின் சொந்தக் கொச்சையோ ஒளிந்திருக்கும்.

குறியே பின்தொடராத ர-வை ஓசிஆர் காலாகப் படித்துவிட்டால் இந்த விதிகள் எதுவும் உதவாது. 'பரவை' என்றால் கடல், 'பாவை' என்றால் பொம்மை, இரண்டும் நல்ல தமிழ். அந்த இடங்களுக்கு ஸ்கேன் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்கிறேன்.