பேதி இல்லாத புள்ளையோட சாம்பிள்

குழந்தைங்க குடல் வைரஸ் ஆராய்ச்சில வேலைன்னு சொன்னா, அப்போ பேதி வந்த குழந்தைங்களை தேடித்தேடி போவீங்களான்னு தான் கேப்பாங்க. போவோம். ஆனா எங்க ஐஸ் பாக்ஸ்ல வர்ற டப்பால பாதிக்கு மேல பேதியே இல்லாத, நல்லா சாப்பிட்டு விளையாடிட்டு இருக்குற குழந்தைங்களோடது. ஃபீல்ட்ல பல வருஷம், அப்புறம் லேப்ல பல வருஷம்னு ரெண்டு பக்கமும் பாத்தவங்கற முறையில சொல்றேன், இந்த வைரஸுங்களைப் பத்தி நாங்க உருப்படியா தெரிஞ்சுக்கிட்டதுல முக்கால்வாசி அந்த "நல்லா இருக்குற" டப்பால இருந்து வந்தது தான்.

வேலூர்ல நாங்க போன தெருவுங்கள்ல பாதி வீட்டுல பீடி சுத்துவாங்க. வாசப்படில காலை நீட்டி, மடில முறத்தை வச்சிக்கிட்டு, ஒரு கை இலையை சுருட்டும், இன்னொரு கை தவழ்ந்து போற புள்ளைய இழுத்துப் போடும். அந்த கையே தான் பால் பாட்டிலையும் எடுக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை டப்பாவோட போய் நின்னா, பாட்டிமாருங்க விட மாட்டாங்க. "ஏம்மா, நோவு இல்லாத புள்ளையோட பீய எடுத்துனு போயி இன்னாம்மா பண்ணப் போற?" நியாயமான கேள்வி தான். பேதி வந்தா அவங்களே ஆள் அனுப்புவாங்க, மத்த நேரத்துல நாம தான் கெஞ்சணும். சில வீட்டுல "ஆபா, இன்னும் போகலை, அப்புறம் வாங்க"ன்னு மரியாதையா அனுப்பிடுவாங்க, அப்புறம் போனா கழுவி விட்டிருப்பாங்க.

சாம்பிள் எடுக்கறதும் லேசு இல்ல. அப்போல்லாம் பழைய வேட்டித்துணி, தண்ணியா போச்சுன்னா துணியே குடிச்சிடும், அதனால ஒரு சின்ன பிளாஸ்டிக் ஷீட் குடுத்து அடியில போடச் சொல்வோம். பேம்பர்ஸ் வந்த பிறகு இன்னும் மோசம், உள்ள இருக்குற ஜெல் தண்ணியெல்லாம் இழுத்துக்கும், சுரண்டுனா ஜெல்லும் சேர்ந்து வரும். டயபரை உள்பக்கம் வெளிப்பக்கமா திருப்பிக் கட்டுங்கன்னு சொல்லிக் குடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். டப்பா மூடியிலேயே ஒரு குட்டி ஸ்பூன் இருக்கும், அதுல எடுத்து, திருகி, நம்பர் ஒட்டி, ஐஸ் பேக் நடுவுல வச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள லேபுக்கு. இதுல நர்ஸுங்க சிலர் மூடியை திறந்ததுமே "இது ரோட்டா தான்"னு வாசனையை வச்சு அடிச்சு சொல்வாங்க. ரோட்டான்னா குழந்தைங்களுக்கு கடுமையான பேதி கொடுக்கற வைரஸ். சில நாள் சரியா இருக்கும். சில நாள் எலைசா டெஸ்ட்ல நெகட்டிவ்.

பேதிக்கு வீட்டுல சொல்ற காரணம் எல்லாம் ஒரே மாதிரி தான். பல்லு முளைக்குது, கண்ணு பட்டுடுச்சு, சோறு தொக்கம் நின்னுடுச்சு. தொக்கம் எடுக்கற ஆளுகிட்ட போயிட்டு வந்து தான் எங்களை கூப்பிடுவாங்க. பல்லு விஷயத்தை மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன், ஏன்னா அந்த ஆறேழு மாசத்துல தான் அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி தேய்ஞ்சுட்டு வரும், புள்ள தவழ ஆரம்பிச்சு தரையில கெடக்கறதை எல்லாம் வாயில வைக்கும், கட்டி ஆகாரமும் ஆரம்பிச்சிருப்பாங்க. அவங்க பாத்த நேரம் சரி, காரணம் தான் வேற.

இப்ப அந்த நல்லா இருக்குற சாம்பிள் கதைக்கு வர்றேன். வேலூர் குழந்தைங்களை பிறந்ததுல இருந்து மூணு வயசு வரைக்கும் விடாம தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு 2011ல வெளியாச்சு, 373 குழந்தைங்க. அதுல ஆறு மாசத்துக்குள்ளேயே 56 சதவீதம் குழந்தைங்களுக்கு ரோட்டா தொத்திடுச்சு. கண்டுபிடிச்ச மொத்த தொற்றுல ஏறக்குறைய 30 சதவீதம் தான் முதல் தடவை வந்தது, மீதி எல்லாம் திரும்பத் திரும்ப வந்தது. இதுக்கு முன்னாடி மெக்சிகோல 200 குழந்தைங்களை வச்சு பாத்து 1996ல சொன்னது என்னன்னா, ரெண்டு தடவை தொத்திட்டா அப்புறம் கடுமையான பேதி வராதுன்னு. வேலூர்ல மூணு தடவை தொத்தினதுக்கு அப்புறமும் பாதுகாப்பு 79 சதவீதம் தான். அதுவும் ஒரு ரகம் வந்துட்டுப் போனா அதே ரகம் திரும்ப வராதுன்னு நினைப்போம்ல, இங்க ரொம்ப சாதாரணமா இருந்த ஜி1பி8 (வைரஸோட வெளிப்பக்க ரெண்டு புரதத்தை வச்சு வைக்கற பேர்) ரகத்துல அப்படி எந்த தனி பாதுகாப்பும் தெரியலை. பேதி வந்தப்ப மட்டும் டப்பா வாங்கியிருந்தா இந்த கணக்கே போட்டிருக்க முடியாது, சத்தமில்லாம வந்துட்டுப் போன தொற்று எதுவும் கண்ணுல பட்டிருக்காது.

ரகம்னு சொன்னேன், அது எப்படி வருதுன்னு பாக்க எனக்கு பழைய ஜெல் முறை தான் பிடிக்கும். ரோட்டா வைரஸோட ஆர்என்ஏ, அதாவது அதோட மரபணுச் சரக்கு, 11 துண்டு. ஜெல்ல ஓட விட்டா துண்டுங்க அளவு வாரியா பிரியும், சில்வர் ஸ்டெயின் போட்டா, ட்ரேல டெவலப்பர் ஊத்தி ஆட்ட ஆட்ட, பழுப்பா கோடு கோடா எழும்பி வரும், மேல நாலு, அப்புறம் ரெண்டு, மூணு, ரெண்டு. ஜி2 ரகத்துல பெரும்பாலும் கீழ்பக்கம் கோடு அமைப்பே மாறி இருக்கும், பாத்ததும் தெரியும். சில சமயம் 11க்கு மேல கோடு வரும். ஒரே புள்ள வயித்துல ரெண்டு ரோட்டா. அப்படி ரெண்டும் ஒரே செல்லுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா துண்டுங்க சீட்டு குலுக்குன மாதிரி கலந்து புது வைரஸா வெளிய வரும். மாட்டோட ரோட்டாவும் மனுஷ ரோட்டாவும் கலந்த ஜி10பி11 ரகம் வேலூர்ல பிறந்த குழந்தைங்ககிட்ட கிடைச்சது இப்படித்தான். டெல்லில 1980கள்ல புதுசா பிறந்த குழந்தைங்ககிட்ட கிடைச்ச 116ஈ ரகமும் மாட்டு துண்டு கலந்தது தான், அந்த குழந்தைங்களுக்கு பேதியே இல்ல. அதுல இருந்து தான் ரோட்டாவாக் சொட்டு மருந்து வந்துச்சு. அந்த நோவு இல்லாத புள்ளையோட பீய எடுத்து என்ன பண்ணப் போறேன்னு கேட்ட பாட்டிக்கு இது தான் பதில், ஆனா வாசல்ல நின்னுக்கிட்டு இதையெல்லாம் எப்படி சொல்றது.

ரோட்டா மட்டும்னா பரவால்ல. மத்த குடல் வைரஸுங்க நோரோ, சாப்போ, ஆஸ்ட்ரோ, அடினோல 40, 41ம் ரகம், அப்புறம் என்டீரோ வைரஸ் குடும்பத்துல நூத்துக்கு மேல ரகம். 2022ல கேரளால தக்காளி காய்ச்சல்னு எல்லாரும் பயந்தாங்களே, கடைசில அது கை கால் வாய் நோய் தான், அதைக் கிளப்புற காக்சாக்கியும் இந்த என்டீரோ குடும்பம் தான். துளி வைரஸ் இருந்தாலும் காட்டிக்குடுக்கற ரியல் டைம் பிசிஆர் டெஸ்ட் வந்த பிறகு எங்க பாடு வேற மாதிரி ஆச்சு. முன்னாடி எதுவும் கிடைக்கலைன்னு கவலை, இப்போ எல்லாமே பாசிட்டிவ். ஒரு குழந்தை, ஜம்முனு இருக்கு, எடையும் ஏறுது, சாம்பிள்ல நோரோ, அடினோ, ரெண்டு மூணு என்டீரோ, கூட பாக்டீரியா வேற. இதுல எது பேதியைக் கொடுக்குது, எது சும்மா ஒட்டிக்கிட்டு இருக்குன்னு எப்படி பிரிக்கறது?

பேதி இல்லாத அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சு, பேதி வந்த அன்னிக்கு எவ்வளவுன்னு ஒப்பிட்டு தான். எட்டு நாட்டுல நடந்த மால்-எட் ஆய்வு, அதுல வேலூரும் ஒரு இடம், இப்படித்தான் கணக்கு போட்டுச்சு. 2018ல வந்த முடிவுல ரெண்டு வயசுக்குள்ள பேதிக்கு முதல் காரணம் ஷிகெல்லா பாக்டீரியா, ரெண்டாவது யாரும் பெருசா கண்டுக்காத சாப்போ வைரஸ், அதுக்கப்புறம் தான் ரோட்டா, அடுத்து அடினோ. சாப்போ ரெண்டாவதுன்னு பாத்ததும் எங்க லேப்லயே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இப்போ தனியார் லேப்ல ஒரே சாம்பிள்ல பல கிருமி பாக்கற பெரிய பேனல் டெஸ்ட் எடுத்துட்டு வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் அனுப்பி "நாலு பாசிட்டிவ் வந்திருக்கு, என்ன பண்றது"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. குழந்தைக்கு ஓஆர்எஸ் குடு, ஜிங்க் 14 நாள் குடு, பால் நிறுத்தாத, மந்தமா கிடந்தாலோ மூத்திரம் சரியா போகலைன்னாலோ ரத்தம் கலந்து போனாலோ டாக்டர்கிட்ட ஓடுன்னு சொல்வேன். பெரும்பாலும் அந்த நாலு பாசிட்டிவால வைத்தியம் ஒண்ணும் மாறப் போறதில்ல, பணம் போனது தான் மிச்சம்.

அப்புறம் கேன் தண்ணி. கேன் வாங்கினா பேதி வராதுன்னு ஒரு நம்பிக்கை. வேலூர்லயே இதை பாத்தாங்க, கேன் தண்ணி குடிச்ச வீட்டுக் குழந்தைங்களுக்கும் முனிசிபல் தண்ணி குடிச்ச வீட்டுக் குழந்தைங்களுக்கும் பேதியில பெருசா வித்தியாசம் இல்ல. தண்ணி முக்கியம் இல்லைன்னு சொல்ல வரலை, ஆனா ரோட்டா பேதி உச்சத்துல இருக்கறப்ப ஒரு கிராம்ல ஆயிரம் கோடிக்கும் மேல வைரஸ் இருக்கும், இன்னொரு குழந்தைக்கு தொத்த நூறுக்குள்ள போதும், அப்போ கை, தரை, பொம்மை, அக்கா தூக்கி வச்சிருக்கற இடுப்பு எல்லாமே வழி தான். நோரோ ஹேண்ட் சானிடைசருக்கு சரியா சாகாது, சோப்பு போட்டு தேய்ச்சு கழுவுறது தான் நல்லது.

போலியோ சொட்டு மருந்து கதையும் இங்க வந்து தான் முட்டும். நம்ம ஊர்க் குழந்தைங்களுக்கு மூணு டோஸ் பத்தலைன்னு வேலூர்ல இருந்து டாக்டர் ஜேக்கப் ஜான் 1970கள்லயே சொன்னாரு. வயித்துல ஏற்கனவே வேற என்டீரோ வைரஸ் உக்காந்திருந்தா சொட்டு மருந்து சரியா பிடிக்காதுங்கறது ஒரு காரணம். பாக்டீரியா தான் கெடுக்குதோன்னு வேலூர் பக்கம் குழந்தைங்களுக்கு முன்னாடியே அசித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக் குடுத்து பாத்தாங்க, பாக்டீரியா குறைஞ்சுச்சு, மருந்து பிடிக்கறது கூடலை. இத்தனைக்கும் நடுவுல டோஸ் மேல டோஸ் குடுத்து 2011 ஜனவரில மேற்கு வங்கத்து ஹௌரால வந்த கடைசி கேஸோட நாட்டுல போலியோவை முடிச்சோம்ங்கறது எனக்கு இன்னமும் ஆச்சரியம் தான். ரோட்டாவாக்கும் அதே வயித்துக்குள்ள தான் போகுது, 6, 10, 14 வாரத்துல அஞ்சஞ்சு சொட்டு. பெரிய ட்ரையல்ல முதல் வருஷம் கடுமையான ரோட்டா பேதியை சுமார் 56 சதவீதம் தடுத்துச்சு. இது கம்மின்னு சிலர் உதட்டைப் பிதுக்குவாங்க, வார்டுல ட்ரிப் ஏத்த நரம்பு கிடைக்காம திண்டாடுனவங்க யாரும் பிதுக்க மாட்டாங்க. 2016ல நாலு மாநிலத்துல ஆரம்பிச்சு, 2017ல தமிழ்நாட்டுக்கும் வந்துச்சு.

இப்போ புது ப்ராஜெக்ட் எழுதறப்ப ஒண்ணு பாக்கறேன். பட்ஜெட் குறையுதுன்னா முதல் வெட்டு நல்லா இருக்குற குழந்தை சாம்பிள் மேல தான் விழுது. ஆஸ்பத்திரிக்கு வர்ற பேதி கேஸ் மட்டும் போதும், வீடு வீடா போறதுக்கு பெட்ரோல், ஆள் சம்பளம் எல்லாம் எதுக்குன்னு. மீட்டிங்ல ஸ்லைடுல அது ஒரு வரி தான், தட்டுனா போயிடும். நோரோவுக்கு தடுப்பூசி வர்ற நேரத்துல எந்த ரகம் எந்த வயசுல சத்தமில்லாம சுத்துதுன்னு கேப்பாங்க, அப்போ ஃப்ரீசரைத் திறந்தா பேதி டப்பா மட்டும் தான் அடுக்கி இருக்கும். போன தடவை அந்த வரியை எடுக்காதீங்கன்னு எழுதி அனுப்பினேன், பாதியா குறைச்சு வச்சிருக்காங்க, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு இருந்தது மாசம் ஒண்ணுன்னு ஆயிருக்கு.