ஆப்பு வைக்கிற வேலை

3 ஜூன் 2024, திங்கள்

வாரத்தின் முதல் கம்பியிலேயே 'டொக்'. 16 எம்எம் முறுக்குக் கம்பியை 40 டன் யூடிஎம்மில் (எங்கள் லேபில் இழுத்து உடைத்துப் பலம் பார்க்கும் மெஷின்) மாட்டி லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன், 45 கிலோநியூட்டன் தாண்டியதும் சத்தம், திரையில் கோடு சட்டென்று கீழே விழுந்து மறுபடி ஏறியது, அப்புறம் இன்னொரு டொக், இன்னொரு சரிவு. கிராஃப் ரம்பப் பல் மாதிரி இருந்தது. போன வாரம் சேர்ந்த பையன் பக்கத்தில் நின்று, "அக்கா, ஈல்டு வந்திருச்சுங்களா?" என்றான். ஈல்டு என்றால் கம்பி இனி பழைய நீளத்துக்குத் திரும்பாதபடி நீள ஆரம்பிக்கும் இடம். கேட்டதே சந்தோஷம், நிறைய பேர் கேட்பதே இல்லை. கணக்குப் போடச் சொன்னேன். 16 எம்எம் கம்பியின் பரப்பு 201 சதுர மில்லிமீட்டர், 45,000 நியூட்டனை அதால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 224 நியூட்டன். எஃப்இ 500 கம்பி 500-க்கு முன்னால் ஈல்டு ஆனால் அதை வாங்கியவர் அழவேண்டியதுதான். தவிர, ஈல்டு சத்தம் போடாது, கோடு நிதானமாக வளைந்து படுக்கும். இது கம்பி பிடியிலிருந்து வழுக்குகிற சத்தம்.

கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ஜாவைக் கழற்றிப் பார்த்தால் பல்லிடுக்கு முழுக்கக் கம்பியின் கருப்புச் செதில், மாவு மாதிரி அரைந்து இறுகிப் போயிருக்கிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஓரத்தில் இருந்ததை ஊசியால் நோண்டி எடுத்தோம். அரை நாள் போனது. மதியம் அதே கம்பியின் இன்னொரு துண்டு ஒழுங்காக 108 கிலோநியூட்டனில் ஈல்டு காட்டியது. ஆனால் பல்லின் முனைகள் வெளிச்சத்தில் பளபளக்கின்றன. பல் பளபளத்தால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். முதலாளியிடம் புது ஜா கேட்கவேண்டும், அதற்கு நல்ல நேரம் பார்க்கவேண்டும்.

5 ஜூன், புதன்

பையன் ஜாவுக்கு கிரீஸ் போட்டிருக்கிறான். நல்லது. பல்லுக்கும் போட்டிருக்கிறான். "எல்லாப் பக்கமும் வழவழன்னு இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சேங்க்கா." கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதையே செய்து சீனியர் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாம் ஜா என்று சொல்வது இரண்டு ஆப்புகள்தான். முதுகுப் பக்கம் சரிவு, அந்தச் சரிவு உட்காரும் குழியும் சரிவு. முகத்தில் பல். கைப்பிடியைச் சுற்றிக் கம்பியைக் கவ்வ வைப்பது சும்மா ஆரம்பத்துக்குத்தான், உண்மையான இறுக்கத்தை மெஷின் தானே கொடுக்கும். கம்பியை இழுக்க இழுக்க அது ஆப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு குறுகலான பக்கம் போகிறது, குறுகலில் போக இடமில்லாமல் ஆப்பு கம்பியை நெருக்குகிறது. எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவு பிடிக்கும். கோனியம்மன் தேர் வரும்போது சக்கரத்துக்கு முன்னால் ஒருவர் கட்டை போடுவாரே, அவர் பலத்தாலா தேர் நிற்கிறது? தேரின் கனமே கட்டையை இறுக்கிக்கொள்கிறது. இதுவும் அந்த மாதிரிதான். ஆகவே முதுகு வழுக்க வேண்டும், முகம் வழுக்கக் கூடாது. முதுகுக்குக் கருப்பு மாலி கிரீஸ், பல்லுக்கு ஒன்றுமே இல்லை. முதுகு காய்ந்து போனால் ஆப்பு குழியில் சிக்கி நின்றுவிடும், ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் இறங்காமல் கம்பி கோணிக்கொள்ளும்.

தின்னரில் முக்கிப் பனியன் வேஸ்ட் வைத்துப் பல்லைத் துடைத்தோம். சாயங்காலம் கம்பி உடைந்தபிறகு ஆப்பு குழியிலேயே இறுகிக்கொண்டது, அவன் இரும்புச் சுத்தியை எடுத்தான், கத்திவிட்டேன். ஜா கடினப்படுத்திய இரும்பு, இரும்புச் சுத்தியால் அடித்தால் பல் சில்லாகத் தெறிக்கும். பித்தளைச் சுத்தி இருக்கிறது, அதற்கென்றே. ஆப்பசைத்த குரங்கு கதை தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். இந்தக் காலப் பிள்ளைகள்.

11 ஜூன், செவ்வாய்

காலையிலிருந்து சிறு தூறல், மேற்கே இருந்து குளிர் காற்று, லேபில் ஃபேன் கூட வேண்டாம்.

ஒரு ஃபவுண்டரியிலிருந்து எஃப்ஜி 260 வார்ப்பிரும்பு வந்தது, சதுர மில்லிமீட்டருக்கு 260 நியூட்டனாவது தாங்கவேண்டிய ரகம். 30 எம்எம்மாக வார்த்து 20 எம்எம்மாகக் கடைந்தது, நான்கு துண்டு. வழக்கமாக இதற்கு இரண்டு முனையிலும் மரை போட்டுக் கொண்டுவரச் சொல்வோம், மரையில் திருகும் ஹோல்டர், அதற்குப் பின்னால் உருண்டைத் தாங்கி, துண்டு தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். மூன்றுக்கு மரை இருந்தது, நான்காவதுக்கு லேத்காரர் மறந்துவிட்டார். அவசரம் என்றார்கள். சரி என்று அதை மட்டும் ஆப்பு ஜாவிலேயே மாட்டினேன். தப்பு என்று தெரிந்தே செய்தேன், அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மரை போட்ட மூன்றும் 266, 268, 271. ஜாவில் பிடித்தது 221. ஒரே உலையில் உருக்கியது, ஒரே நாள் வார்ப்பு.

பையனுக்கு இது புரியவில்லை, எனக்குமே முதலில் ஒரு நிமிடம் திகைப்பு. அப்புறம் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். உருண்டைக் கம்பியை மையத்திலிருந்து தள்ளிப் பிடித்தால் அது இழுபடுவதோடு வளையவும் செய்யும், வளைவதால் ஒரு பக்கம் கூடுகிற அழுத்தம், தள்ளிய தூரத்தை எட்டால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் வரும் பங்கு. அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே 20 எம்எம் துண்டில் 8 × 0.5 ÷ 20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 268-ஐ 1.2-ஆல் வகுத்தால் 223. கிட்டத்தட்ட நம் 221! அரை மில்லிமீட்டர் என்பது மழுங்கின ஜாவில் ஒரு பக்கம் கொஞ்சம் செதில் சேர்ந்தால் வந்துவிடும்.

முறுக்குக் கம்பியில் இது தெரியாது, அது கொஞ்சம் நீண்டு தன்னை நேராக்கிக்கொண்டு மன்னித்துவிடும். வார்ப்பிரும்பு ஒரு சதவீதம் கூட நீளாது, மன்னிக்கவும் தெரியாது. நான்காவது துண்டின் முடிவை ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை. முதலாளியிடம் இதைக் காட்டியே புது ஜாவுக்கு ஆர்டர் வாங்கினேன். நல்ல நேரம் இப்படியும் வரும்.

17 ஜூன், திங்கள்

பக்ரீத், லீவு. பக்கத்து வீட்டு பிரியாணி. படுத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் டே பாலத்தைப் பற்றி வாசித்தேன். 1879 டிசம்பர் 28 இரவு, புயலில், ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்த பாலம். எல்லோரும் காற்றைப் பற்றியும் வடிவமைத்த தாமஸ் பௌச்சைப் பற்றியும்தான் பேசுவார்கள். என்னைப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். தூண்களைக் குறுக்கே கட்டிய இரும்புப் பட்டைகள், வார்ப்பிரும்புத் தூணோடு சேர்த்தே வார்த்த காதுகளில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருந்தன. அந்தக் காதின் துளையைத் துரப்பணம் போட்டுத் துளைக்காமல் வார்க்கும்போதே விட்டிருக்கிறார்கள். வார்ப்பில் அச்சை உருவ வேண்டுமே, அதனால் துளை ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். நேரான போல்ட் அதற்குள் போனால் முழு நீளமும் உட்காராது, குறுகின ஓரத்தில் மட்டும் தொடும். பட்டை இழுக்கும் முழு பாரமும் அந்த ஓரத்தில்.

விழுந்தபிறகு அந்தக் காதுகளை லண்டனில் டேவிட் கிர்கால்டியின் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி இழுத்துப் பார்த்தார்கள், கணக்குப்படி தாங்கவேண்டியதைவிட மிகக் குறைவிலேயே உடைந்தன. கிர்கால்டியின் அந்த ராட்சச மெஷின் சதர்க் தெருவில் இன்னும் இருக்கிறது, மியூசியமாக. வாசலுக்கு மேல் 'அபிப்பிராயம் வேண்டாம், உண்மை போதும்' என்கிற மாதிரி ஒரு வாசகம் செதுக்கியிருக்கும். ரொம்பக் கறார் மனுஷர் போல.

செவ்வாய்க்கிழமை உடைத்த என் நான்காவது துண்டு ஞாபகம் வந்தது. அதுவும் வார்ப்பிரும்பு, அதுவும் ஓரத்தில் பிடித்தது.

19 ஜூன், புதன்

பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் நார்க் கயிறு, 12 எம்எம். தட்டை ஜாவில் பிடித்தால் மூன்று தடவையும் ஜா ஓரத்தில் அறுந்தது. பல் நாரைக் கடித்துவிடுகிறது, ரப்பர் ஒட்டினால் வழுக்குகிறது. கயிற்றைக் கவ்வவே கூடாது, சுற்றவேண்டும். பழைய 100 எம்எம் இரும்புக் குழாய் இரண்டை வெல்டிங் வைத்து உருளையாக்கி, கயிற்றை மூன்று சுற்று சுற்றி, நுனியை மட்டும் போல்டில் கட்டினோம். மாட்டைக் கம்பத்தில் கட்டுகிற ஆளுக்குத் தெரிந்த வித்தைதான், இரண்டு சுற்று சுற்றிவிட்டால் நுனியைச் சின்னப் பிள்ளை பிடித்திருந்தாலும் போதும். உராய்வை 0.3 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு இழுவை 6.6-இல் ஒரு பங்காகக் குறையும், இரண்டு சுற்றுக்கு 43-இல் ஒன்று, மூன்றுக்கு 285-இல் ஒன்று. போல்டுக்கு வேலையே இல்லை. கயிறு நடுவில் அறுந்தது. நீட்சியை மட்டும் மெஷினிலிருந்து எடுக்க முடியாது, உருளையில் கயிறு இறுகுவதும் அதில் சேர்ந்துவிடும், நடுவில் மை வைத்து அளந்தோம்.

திருப்பூரிலிருந்து வந்த ஒருவர் பனியன் துணியையும் இதே போல இழுத்துத் தரமுடியுமா என்றார். பின்னல் துணியை இழுத்தால் ஓரம் சுருண்டு நடுவில் ஒல்லியாகி என்னவோ ஒரு எண் வரும், அதற்கு அர்த்தமில்லை. அதனால்தான் பின்னல் துணியை வளையத்தில் சுற்றிலும் பிடித்து அடியிலிருந்து ஊதி வெடிக்க வைக்கிறார்கள். அந்த மெஷின் எங்களிடம் இல்லை, இருக்கிற இடத்துக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

21 ஜூன், வெள்ளி

வந்தது வினை. 12 எம்எம், எஃப்இ 500டி (எஃப்இ 500-ஐவிட அதிகம் நீளவேண்டிய ரகம்), ஒரு கட்டடத்துக்கு. துண்டைக் குட்டையாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார்கள், ஜாவின் ஆழத்தில் பாதிதான் கம்பி போனது. முக்கால் பங்காவது போகவேண்டும். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. உடைந்தது ஜா வாயிலேயே, கடைசிக் குறியிலிருந்து 6 எம்எம்மில். இழுக்கும் முன் 60 எம்எம் இடைவெளியில் குறி போட்டிருந்தோம், அந்தக் குறி நீளம் 67 ஆகியிருந்தது, நீட்சி 11.7 சதவீதம். 500டி-க்கு 16 வேண்டும்.

விதி என்னவென்றால், உடைந்த இடம் அருகிலிருக்கும் குறியிலிருந்து குறி நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது, இங்கே 20 எம்எம், தள்ளியிருக்கவேண்டும். அதற்குள் உடைந்தாலும் நீட்சி 16 தாண்டியிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம், தாண்டாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. சைட் இன்ஜினியர் போனில், "ஏனுங்க மேடம், உங்க மெஷின் கடிச்சு ஒடச்சதுக்குக் கம்பி என்னங்க பண்ணும்? பாஸ்னு போட்டுக் குடுத்துருங்க, திங்கக்கெழமை ஸ்லாப் போடறமுங்க." அவர் சொன்னதில் முதல் பாதி நியாயம், அதுதான் சங்கடம். வேறு துண்டு, நீளமாக, மூன்று கொண்டுவாருங்கள், புது ஜா சனிக்கிழமை வருகிறது என்றேன்.

24 ஜூன், திங்கள்

புது ஜா. பல் விரலைக் குத்துகிறது. இரண்டு ஜோடியும் ஒரே அளவு இறங்குகிறதா என்று பார்த்து, முதுகுக்கு கிரீஸ் (பையன்தான் போட்டான், முதுகுக்கு மட்டும்), ஒரு பழைய கம்பியை மாட்டி இழுத்துப் பார்த்தோம். டொக் இல்லை. கோடு பட்டுநூல் மாதிரி போனது.

இன்ஜினியர் ஒன்பது மணிக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். துண்டுகள் நல்ல நீளம், ஜா முழுக்கக் கம்பி. குறி போட்டு, கம்பி வலை மூடியை இறக்கி, லோடு ஏற்றினேன். நடுவில் கழுத்து விழுவது கண்ணாலேயே தெரிந்தது. 68 கிலோநியூட்டன், பிறகு இறங்கி, பட்டென்று உடைந்தது, செதில் பறந்தது. இரண்டு ஜாவுக்கும் நட்டநடுவில். பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அப்படி ஒரு உடைப்பு. இரண்டு துண்டையும் ஒட்ட வைத்துக் குறி நீளத்தை அளந்தேன். 68.0.

நீட்சி 13.3.

இரண்டாவது 68.5, அதாவது 14.2. மூன்றாவது 68.0. மூன்றும் நடுவில்தான். பலம் 600 வருகிறது, அதில் குறையில்லை, ஆனால் நீளவில்லை. எஃப்இ 500 என்றால் 12 போதும், தாராளமாகப் பாஸ். 500டி என்று விற்றிருக்கிறார்கள்.

அவர் வெர்னியரை என் கையிலிருந்து வாங்கி அவரே ஒரு தடவை அளந்தார். ஜாவைக் குனிந்து பார்த்தார். "புதுசுங்களா?" என்றார். "இன்னிக்குக் காலைல மாட்டினதுதாங்க." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வெளியே போய் யாருக்கோ போன் செய்து, ஸ்லாபை நிறுத்தச் சொன்னார்.

பழைய ஜாவைப் பையன் வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டான், கதவுக்கு அண்டை கொடுக்கவாம். கொடுத்துவிட்டேன்.