நிலத்தடி கேபிளின் உயிர் ஜாயிண்டில்

காற்றடித்தால் கரண்ட் போகிறது, கம்பியைப் புதைத்துவிட்டால் தொல்லை தீரும் என்பது பாதிதான் சரி. தெருக் கம்பியை மட்டும் புதைத்துவிட்டு, தெருவுக்கு மின்சாரம் கொண்டுவரும் உயரழுத்த ஃபீடரைக் கம்பத்திலேயே விட்டால், மரம் விழுந்து ஃபீடர் அறும்போது புதைத்த தெருவும் இருண்டுவிடும். மரம் அடர்ந்த ஃபீடர் பகுதியைத்தான் முதலில் புதைக்க வேண்டும்.

பள்ளத்தின் ஆழம் தாழ்வழுத்தக் கேபிளுக்கு 75 செ.மீ., 11 கிலோவோல்ட்டுக்கு 90 செ.மீ. என்பது பரவலான அளவு. அடியில் 8 செ.மீ. சலித்த மணல், கேபிளுக்கு மேலும் மணல், அதன்மேல் செங்கல், அதற்கும் மேலே எச்சரிக்கை நாடா. தோண்டிய மண்ணைக் கல்லோடு தள்ளி மூடவே கூடாது. கூர்க்கல் உறையை அழுத்தி அழுத்திக் கிழித்துவிடும்.

பெரும்பாலான தலைவலி, இரு கேபிள் துண்டுகளைச் சேர்க்கும் ஜாயிண்டில்தான். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்ஸைடு படலத்தைத் தேய்த்து எடுக்காமல், அளவு பொருந்தாத டையில் (அழுத்தும் அச்சில்) கிரிம்ப் செய்தால், அதாவது இணைப்புக் குழாயைக் கம்பியோடு நசுக்கினால், அந்த இடம் சூடேறிக்கொண்டே போய் ஒருநாள் எரியும். சூடேற்றினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை நடுவிலிருந்து இருபுறமும் சுருக்க வேண்டும். இரு முனைகளையும் முதலில் சுட்டால் காற்று உள்ளேயே சிக்கி, ஈரம் தங்கும். ஆர்மரை (கேபிளைச் சுற்றியுள்ள உலோகக் கவசத்தை) ஜாயிண்டின் இருபுறமும் இணைக்க மறந்தால் இன்னும் ஆபத்து: பழுது மின்னோட்டம் திரும்ப வழியில்லாமல் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பிரேக்கர் விழாமலே இருக்கலாம். வெட்டிய கேபிள் முனையை ஒரு ராத்திரிகூட மூடியில்லாமல் விடாதீர்கள். மழைநீர் கம்பி இழைகளுக்கு நடுவே வெகுதூரம் ஓடிவிடும்.

பள்ளத்தை மூடுமுன் ஒருமுறை, மூடியபின் ஒருமுறை மெக்கர் (காப்பு எதிர்ப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். மண்ணைத் தள்ளும்போது பட்ட காயம் இரண்டாவது அளவில்தான் தெரியும்.

மேல்கம்பியில் கிளை உரசி விலகினால் ரீகுளோசர் என்ற சுவிட்ச் தானே லைனைத் திரும்பக் கொடுத்துவிடும். கேபிள் பழுது அப்படி விலகாது. துடிப்பலை அனுப்பித் தூரம் கணித்து, சர்ஜ் (உயரழுத்த மின்துடிப்பு) கொடுத்துச் சத்தம் கேட்கும் இடத்தைக் குறித்து, தோண்டி, புது ஜாயிண்ட் போட வேண்டும், மணிக்கணக்காகும். அதனால் இருமுனையிலும் மின்சாரம் கிடைக்கும் வளையமாக அமைத்தே ஆகவேண்டும். பழுதான துண்டைப் பிரித்துவிட்டு, மற்ற வீடுகளுக்கு மறுமுனையிலிருந்து கொடுக்கலாம். ஒவ்வொரு ஜாயிண்டும் நிலையான ஒரு சுவரிலிருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம் என்பதைப் பள்ளம் திறந்திருக்கும்போதே அளந்து வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள்.