மூட்டையைக் கட்டிவிட்டுக் கேட்கும் ஜெபம்

"கர்த்தருடைய சித்தம் எதுவென்று தெரியவில்லை, ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு விசுவாசி சொல்லும்போது, அந்தச் சொற்களுக்குப் பின்னால் இரண்டு நிலைகளில் ஒன்று இருக்கும். உண்மையாகவே வழி தெரியாமல் நிற்பது ஒன்று. எந்தப் பக்கம் போவது என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டு, அந்த முடிவுக்குத் தேவனுடைய கையொப்பத்தை வாங்கக் காத்திருப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதே முழங்கால், அதே கண்ணீர், சில வேளைகளில் அதே உபவாசம். ஜெபிக்கிறவருக்கேகூட வித்தியாசம் புலப்படாமல் போய்விடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

இந்த இரண்டாவது நிலையை எரேமியாவின் 42, 43ஆம் அதிகாரங்களைப்போலத் துல்லியமாகக் காட்டும் பகுதி வேதத்தில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம். கி.மு. 586ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தது. ஜனங்களில் பெரும்பகுதியினர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். எஞ்சியவர்கள்மேல் அதிகாரியாக வைக்கப்பட்ட கெதலியாவும் மிஸ்பாவில் வெட்டிக் கொல்லப்பட்டான். பாபிலோன் பழிவாங்க வருமே என்று பயந்த படைத்தலைவன் யோகனானும் அவனோடிருந்தவர்களும் எகிப்துக்குப் போகப் புறப்பட்டு, வழியில் பெத்லெகேமுக்கு அருகே தங்கியிருந்தபோதுதான் எரேமியாவிடம் வந்து, நாங்கள் நடக்கவேண்டிய வழியைக் கர்த்தரிடத்தில் கேட்டுச் சொல்லும் என்று மன்றாடுகிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் அவருடைய சத்தத்துக்குக் கீழ்ப்படிவோம் என்று கர்த்தரையே சாட்சியாகவும் வைக்கிறார்கள். வார்த்தைகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எந்த ஜெபக்கூட்டத்திலும் இந்த ஜெபத்துக்கு "ஆமென்" என்று உரத்த குரல் எழும்பும்.

எரேமியா உடனே பதில் சொல்லிவிடவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தீர்க்கதரிசனம் உரைத்த அந்த மனிதன், தன் சொந்த அபிப்பிராயம் என்னவென்று நன்றாகவே தெரிந்திருந்தும், கர்த்தருடைய வார்த்தை வரும்வரை பத்து நாள் காத்திருந்தான். வந்த பதில் இதுதான்: இந்தத் தேசத்திலேயே தரித்திருங்கள், நான் உங்களைக் கட்டுவேன், எகிப்துக்குப் போகாதேயுங்கள். கேட்டவர்கள் சொன்னதோ, "நீ பொய் சொல்லுகிறாய்" என்பது. கர்த்தர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார், உன் எழுத்தனும் நேரியாவின் குமாரனுமாகிய பாருக்குதான் எங்களுக்கு விரோதமாக உன்னை ஏவிவிட்டான் என்று அவர்கள் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். பிடிக்காத பதில் வரும்போது, அதைக் கொண்டுவந்தவருக்கு உள்நோக்கம் கற்பிப்பது எவ்வளவு பழைய வழக்கம்! பின்பு எரேமியாவையும் பாருக்கையும் கூட்டிக்கொண்டே எகிப்துக்குப் போய்விட்டார்கள். எகிப்திலுள்ள தக்பானேசுக்கு வந்துசேர்ந்த பின்னும் கர்த்தருடைய வார்த்தை எரேமியாவுக்கு உண்டாயிற்று என்பது தனியே தியானிக்க வேண்டிய விஷயம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கான பதில் எகிப்தின் எல்லைக்கு இந்தப் பக்கத்திலேயே கொடுக்கப்பட்டு முடிந்துவிட்டது.

அந்தப் பத்து நாளும் அவர்களுடைய பாளயத்தில் என்ன பேச்சு நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. புறப்பட்ட ஜனங்கள் ஒருவராவது தம் மூட்டையை அவிழ்த்திருப்பார்களா என்று அந்தப் பகுதியை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒரு காரியத்தைக் குறித்து நடத்துதலைக் கேட்டு ஜெபிக்கத் தொடங்குமுன், எந்தப் பதில் வரக்கூடாது என்று மனம் விரும்புகிறதோ அதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுவேன். அந்த வரியைத் தேவனுக்கு முன்பாக வாய்விட்டு வாசித்து, இதுவே உம்முடைய சித்தமானால் இதற்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்று சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். சொல்ல முடியாவிட்டால், நடத்துதலுக்கான ஜெபத்தை அன்று ஒத்திவைத்துவிட்டு, அந்த ஒரு வரியைக் குறித்தே ஜெபிப்பேன். சில காரியங்களில் இந்தக் கட்டத்தைத் தாண்டவே வெகுகாலம் பிடித்திருக்கிறது.

முடிவு செய்துவிட்ட மனதுக்கு அடையாளங்கள் கிடைக்காமல் போவதே இல்லை. வாசல் திறந்தது, ஆகையால் இது கர்த்தருடைய சித்தம் என்பது நம்மிடையே மிகச் சாதாரணமாகிவிட்ட வாதம். நினிவேக்குப் போ என்ற கர்த்தருடைய கட்டளைக்குத் தப்பி யோப்பா துறைமுகத்துக்குப் போன யோனாவுக்கும் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக இருந்தது, கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. என்கேதியின் குகையில் தாவீதுக்கு நேர்ந்ததோ இதைவிடக் கூர்மையான சோதனை. தன்னைக் கொல்லத் தேடிவந்த ராஜாவாகிய சவுல் தனியாக, காவலின்றி, தாவீதும் அவன் மனுஷரும் ஒளிந்திருந்த அதே குகைக்குள் நுழைகிறான். கர்த்தர் உம்முடைய சத்துருவை உமது கையில் ஒப்புக்கொடுப்பேன் என்று சொன்ன நாள் இதுவே என்று உடனிருந்தவர்கள் சொல்கிறார்கள். சூழ்நிலை, வாக்குத்தத்தம், நண்பர்களின் ஒருமித்த ஆலோசனை ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டின. தாவீதை நிறுத்தியது புதிதாக வந்த தரிசனம் அல்ல. கர்த்தர் அபிஷேகம்பண்ணினவன்மேல் கை போடலாகாது என்று அவன் ஏற்கெனவே அறிந்திருந்ததே அவனை நிறுத்தியது. சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது.

மனதில் சமாதானம் இருக்கிறது என்பதையும் இதே எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். கீழ்ப்படியாமல் ஓடிய யோனா, புயலின் நடுவே கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து நித்திரைபண்ணினான். பிதாவின் சித்தத்துக்குள் முழுமையாக இருந்த இயேசுவோ கெத்செமனேயில் வியாகுலப்பட்டார்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இதற்கு ஆதித்திருச்சபையின் போதகரான அகுஸ்தீனை உதாரணமாகக் காட்டுவார்கள். கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில், "எடுத்து வாசி" என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்க, அவர் பவுலின் நிருபங்களைத் திறந்து ரோமர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வாசித்ததும் மனந்திரும்பியதும் உண்மையே. ஆனால் அவர் முன்பே வாசித்துக்கொண்டிருந்த நிருபங்கள் அவை. களியாட்டத்தையும் காமவிகாரத்தையும் விட்டுவிடு என்று அந்த வசனம் சொன்னதும் அவருக்குப் புதிய தகவல் அல்ல. விடவேண்டும் என்று வெகுநாளாகத் தெரிந்திருந்தும் விடமுடியாமல் தவித்த ஒன்று அது. அதே அகுஸ்தீன் பிற்காலத்தில் ஆயராக இருந்து எழுதிய கடிதமொன்றில், உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷத்தின் பக்கங்களில் குறி பார்க்கும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். உதாரணம் காட்டுகிறவர்கள் இந்தக் கடிதத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அப்படியானால் வேதம் எப்படித்தான் வழிநடத்துகிறது? வேதப்புத்தகத்தை ஆதியாகமம் தொடங்கி வரிசையாக, அவசரக் கேள்வி எதுவும் கையில் இல்லாத நாட்களில் வாசிப்பவரின் மனம், தேவன் எதை விரும்புகிறார், எதை வெறுக்கிறார் என்று மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது. "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று ரோமர் 12:2இல் பவுல் சொல்லும்போது, தேவசித்தத்தைப் பகுத்தறிவதை அதன் விளைவாகவே வைக்கிறார். நெருக்கடி வந்த பிறகு வேதத்தைத் திறப்பது தவறல்ல. ஆனால் அப்போது நமக்கு வேண்டியதை மட்டுமே கண் பொறுக்கியெடுக்கும். உங்கள்மேல் நான் கொண்டிருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவைகள் என்று சொல்லும் எரேமியா 29:11ஐ மேற்கோள் காட்டுகிறவர்களில் எத்தனை பேர், எழுபது வருஷம் கழித்தே மீட்பு என்று சொல்லும் அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசிக்கிறோம்? ஆலோசனை கேட்பதிலும் இதே தெரிவு நடக்கிறது. "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒருவரிடமாவது கேட்டிருக்கிறோமா என்பதைக் கவனித்தால் போதும்.

வழியைக் குறித்துத் தேவன் நேரடியாகப் பதில் சொன்ன இடங்களும் வேதத்தில் உண்டு. கேகிலா ஊரார் என்னைச் சவுலின் கையில் ஒப்புக்கொடுப்பார்களோ என்று தாவீது கேட்கிறான். ஒப்புக்கொடுப்பார்கள் என்று கர்த்தர் சொல்கிறார். தாவீதும் ஏறக்குறைய அறுநூறு பேரும் உடனே எழுந்து வெளியேறுகிறார்கள். ஆகையால் அவர் சொன்னது நடக்கவே இல்லை. நடந்தே தீரும் விதியாக அல்ல, தாவீது தீர்மானம் எடுப்பதற்கு உதவும் அறிவாகவே அந்தப் பதில் வந்தது. எங்கே போவது என்று கர்த்தர் அப்போது சொல்லவில்லை. போகக்கூடிய இடத்துக்குப் போனார்கள் என்று மட்டுமே எழுதியிருக்கிறது.

இந்த விடுதலையை நாம் போதுமான அளவு பிரசங்கிப்பதில்லை என்று நினைக்கிறேன். புருஷனை இழந்த ஸ்திரீ தன் மனதுக்கு இசைந்தவரை விவாகம்பண்ணலாம், அவர் கர்த்தருக்குட்பட்டவராக இருந்தால் போதும் என்று 1 கொரிந்தியர் 7:39இல் பவுல் எழுதுகிறார். தேவன் குறித்துவைத்த அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கும்வரை காத்திரு என்று எழுதவில்லை. ஆகவே, நேர்மையான இரண்டு வேலைகள் முன்னால் இருந்து, வேதம் இரண்டையும் தடைசெய்யாமல், எந்தப் பதில் வந்தாலும் ஏற்கும் மனமும் இருக்குமானால், பிடித்த வேலையைத் தெரிந்துகொண்டு சேர்ந்துவிடலாம் என்றுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அதற்குமேல் ஓர் அடையாளம் வேண்டும் என்று அவர்கள் கேட்டால், எந்த வேலையை எடுக்கக்கூடாது என்று பயப்படுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.