தேரிக்காட்டை ரெண்டரில் கட்டிய அனுபவம்

சென்னையில் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோவில், சூழல் உருவாக்கும் குழுவில் இருக்கிறேன். நடிகர்களுக்குப் பின்னால் தெரியும் மலை, காடு, தெரு, வானம் எல்லாம் எங்கள் தலையில்தான் விழும். அப்படி வந்ததுதான் தேரிக்காடு. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் விரிந்து கிடக்கும் அந்தச் செம்மண் மேடுகளின் மேல் கேமரா பறந்து போக வேண்டும், படப்பிடிப்போ அங்கே நடக்கப்போவதில்லை. கையில் இருந்தது ரெக்கிக்கு, அதாவது படப்பிடிப்புக்கு முன் இடம் பார்க்கப் போனவர்கள் ஜூன் மாத மாலையில் எடுத்த புகைப்படம். முதலில் அந்தப் படத்தை அப்படியே கணினியில் கொண்டு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியக்கூடாது, அப்புறம் கேமராவை நகர்த்தலாம் என்றார் சூப்பர்வைசர்.

இந்த மாதிரி வேலையில் புதிதாக வருபவர்கள் முதலில் கை வைப்பது மணலில். கலர் பிக்கரை எடுத்துப் படத்தில் மணல்மேல் வைத்து, வரும் சிவப்பை அப்படியே மெட்டீரியலில், அதாவது கணினி மணலின் மேற்பரப்புக்குக் கொடுக்கும் நிறத்தில், போடுவார்கள். ரெண்டர் போட்டால், அதாவது கணினி வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் படமாக்கினால், ஆரஞ்சுச் சாயம் கொட்டிய மாதிரி வரும். காரணம் எளிமையானது. புகைப்படத்தில் இருப்பது மணலின் நிறம் இல்லை. மாலை வெயில், வானத்திலிருந்து இறங்கும் நீல ஒளி, பக்கத்து மேட்டிலிருந்து திரும்பி வரும் சிவப்பு, கேமரா தன் பங்குக்குச் செய்த ஒளி, நிற மாற்றம் எல்லாம் ஏறிய பிறகு மிச்சமானது அது. அதையே மணலின் நிறம் என்று கொடுத்து அதன்மேல் மறுபடி ஒரு சூரியனை வைத்தால் வெயில் இரண்டு முறை அடிக்கும். ஆகவே நிலக்காட்சியைத் திரும்பக் கட்டும் வேலையில் பாதி, புகைப்படத்திலிருந்து வெளிச்சத்தைக் கழிப்பதுதான். வடிவத்தை எத்தனை துண்டுகளால் (பாலிகன்) கட்டுவது, மேலே ஒட்டும் படம் (டெக்ஸ்சர்) எவ்வளவு நுணுக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பேன்.

வழக்கமாக இதற்கென்று சாம்பல் நிறப் பந்தும் கண்ணாடிப் பந்தும் எடுத்துப்போய் அந்த இடத்தில் வைத்துப் படம் பிடிப்பார்கள். ரெக்கி படத்தில் அதெல்லாம் கிடையாது. ஆனால் படத்தின் இடது ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு சுடலைமாடன் பீடம் நின்றது. எங்களுக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது. அந்தப் பக்கத்துப் பீடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் சதுர மேடை, அதன்மேல் மேலே போகப் போகக் குறுகும் நான்கு முகங்கள். வெள்ளை என்பது நமக்குத் தெரிந்த நிறம், அதன்மேல் என்ன சாயம் தெரிகிறதோ அது வெளிச்சத்தின் சாயம். வெயில் படும் முகம் லேசான மஞ்சள். நிழல் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உச்சியில் வானத்தின் நீலம், கீழே வர வர அது கரைந்து, தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்துக்குள் நல்ல ரோஜா நிறம். அந்த ரோஜா யாரும் பூசியதில்லை, முன்னால் கிடக்கும் மணல் திருப்பி அனுப்பிய வெயில். எவ்வளவு சிவப்பு ஒளி தரையிலிருந்து எழும்புகிறது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த அளவுகோல் அந்த இரண்டு சாண்தான்.

மணலின் நிஜ நிறமும் அந்தப் பீடத்திலிருந்துதான் கிடைத்தது. அடிமேடையின் மேற்பரப்பும் பக்கத்தில் கிடக்கும் சமமணலும் ஒரே வெயிலை ஒரே கோணத்தில் வாங்குகின்றன. பழைய சுண்ணாம்பு தோராயமாக எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று தெரிந்தால், இரண்டின் விகிதத்தை வைத்து மணலைக் கணக்குப் போடலாம். இதற்கு ரா ஃபைல், அதாவது கேமராவின் சென்சார் பதிந்த திருத்தப்படாத தரவு வேண்டும், ஜேபெக் ஆகாது. வெயில் பட்ட செம்மண்ணில் ஜேபெக்கின் சிவப்பு சேனல் முதலில் உச்சியில் போய் முட்டிவிடும், அதற்குமேல் அங்கே தகவலே இருக்காது. கணக்கில் வந்த நிறம் பலரும் நினைப்பதைவிடக் கருத்த, அடங்கிய சிவப்பு. இரும்பு ஆக்சைடு பூசிய மணல் அப்படித்தான் இருக்கும். படத்தில் தெரியும் ஜொலிப்பு வெயிலும் மணலும் ஒன்றுக்கொன்று பந்தாடியதில் வந்தது. மேடுகளுக்கு நடுவில் இருக்கும் மடிப்புகளில் ஒளி மூன்று நான்கு முறை மணலில் பட்டுத் திரும்புகிறது, ஒவ்வொரு முறையும் நீலமும் பச்சையும் குறைந்துகொண்டே போகும், அதனால் மடிப்பின் உள்பக்கம் மேட்டின் உச்சியைவிடச் சிவப்பாக இருக்கும். நாங்கள் பயன்படுத்தும் 3டி மென்பொருளான பிளெண்டரில், சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் பகுதியில், ஒளி இப்படி எத்தனை முறை பட்டுத் திரும்பலாம் என்ற அளவு (டிஃப்யூஸ் பவுன்ஸ்) இயல்பாக 4 என்று இருக்கும். ரெண்டர் நேரத்தை மிச்சம் பிடிக்க அதை 1 ஆக்கிவிடுவது பல இடங்களில் பழக்கம். தேரிக்காட்டில் அதைச் செய்தால் அந்த இடத்தின் உயிரே போய்விடும். கூடவே, பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக வரும் ஏஜிஎக்ஸ் என்ற திரைநிற மாற்றம் அதிக வெளிச்சத்தில் அடர்ந்த நிறங்களை வெள்ளை பக்கம் இழுக்கும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு குறிப்பிட்ட கேமராவின் படத்தோடு ஒப்பிடும்போது அதை எடுத்துவிட்டு லீனியரில், அதாவது ஒளியின் அளவை மாற்றாமல் அப்படியே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சூரியனை எங்கே வைப்பது என்பதில் யூகத்துக்கு இடமே தரக்கூடாது. இடமும் நேரமும் தெரிந்தால் அது வெறும் கணக்கு. இந்த வேலைக்கு இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ செய்தவை, அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில். தேரிக்காடு எட்டரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். கடிகாரத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, தேரி இருப்பது ஏறக்குறைய 78இல், சூரியன் அங்கே கடிகாரத்துக்கு 18 நிமிடம் பின்தங்கும். படம் எடுத்த மாலை நான்கரை மணிக்குச் சூரியன் மேற்கிலிருந்து 22 டிகிரி வடக்கே தள்ளி, தொடுவானத்துக்கு மேல் 28 டிகிரியில். நிழல் உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பீடத்தின் நிழலோடு வைத்துப் பார்த்தோம், அச்சாகப் பொருந்தியது.

நிழலின் விளிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அந்த வெயில் கோணத்தில் 15 மீட்டர் உயரத்துப் பனையின் கொண்டையிலிருந்து நிழல் தரைக்கு வர முப்பது மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது, அதற்குள் விளிம்பு ஒரு அடி அகலத்துக்கு மங்கிவிடும். அடிமரத்தின் நிழல் கத்தியால் வெட்டியது போல இருக்க, கொண்டையின் நிழலில் ஓலையின் விரல்கள் ஒன்றோடொன்று கலந்து வெறும் திட்டாகத் தெரியும். ரெண்டரில் ஓலை விரல்கள் மணலில் தனித்தனியாக விழுந்திருந்தால் போதும், காரணம் தெரியாதவர்கள்கூட இது கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடுவார்கள்.

நில அமைப்புக்கு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு உதவியது. ஆனால் அதில் முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளிதான், பெரிய சரிவு கிடைக்கும், ஆள் உயர மேடு கிடைக்காது. மிச்சத்தை நிழலைப் பார்த்துக் கையால்தான் செதுக்கினோம்.

அடுத்தது பனை. நாங்கள் தேடிய மாடல் நூலகங்களில் விசிறி ஓலை மரம் என்றால் கலிஃபோர்னியாவின் வாஷிங்டோனியாதான் வந்து நிற்கும். தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப்போகிறது என்று அதையே நட்டுவிடும் ஆட்கள் உண்டு. என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பனையின் விறைப்பான ஓலை வேறு, கொண்டையின் உருண்டை வேறு, அந்தக் கருத்த மரத்தின் வளையங்கள் வேறு, அந்தச் சீமையில் பிறந்த யாரும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களுடைய ஊரைத்தான் நாம் திரையில் காட்டுகிறோம். அதனால் பனையைத் தனியாக மாடல் செய்தோம்.

நல்லவேளையாக, அந்தப் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். முதல் ரெண்டரைப் பார்த்ததுமே சொன்னார்: "அண்ணே, எல்லாமே ஏறுற பனையா இருக்கு. படத்துல பாருங்க, பாதி மரம் ஏறாத பனை." பனை ஏறுகிறவர்கள் காய்ந்த ஓலையைக் கழித்து விடுவார்கள், கொண்டை சுத்தமாக இருக்கும். ஆள் ஏறாமல் விட்ட மரத்தில் காவோலை அப்படியே பாவாடை மாதிரி கீழே தொங்கும். புகைப்படத்தைத் திரும்பப் பார்த்தால், அவர் சொன்னபடியே முன்னால் நிற்கும் சில மரங்கள் சுத்தமாகவும் பின்னால் போகப் போகக் காவோலை தொங்கலாகவும் இருந்தன. எந்த மரத்தில் இன்னும் ஆள் ஏறுகிறார், எதில் இல்லை என்பதே அந்தப் படத்தில் இருந்திருக்கிறது. "வடலி எல்லாத்தையும் சமமாத் தூவாதீங்கண்ணே, பெண் பனைக்குக் கீழதான் நிறைய முளைக்கும், பழம் அங்கதான விழும்" என்றார் அடுத்து. வடலி என்பது இளம் பனை. சரி என்று, பொருட்களை விதிப்படி பரப்பும் பிளெண்டரின் ஜியோமெட்ரி நோட்ஸ் வசதியில் மரங்களை ஆண், பெண் என்று பிரித்து, பெண் மரத்தைச் சுற்றி மட்டும் வடலி அடர்த்தியாக வரும்படி செய்தோம். ஓலைகளையும் ஒரே பக்கம் சாய்த்தோம், ஜூனில் மேற்கிலிருந்து வறண்ட காற்று விடாமல் அடிக்கும் இடம் அது. மணல் அலைகள் காற்றுக்குக் குறுக்கே, மரத்தடியில் மணல் குவிவது காற்று மறைவில். அதுவரை எங்கோ இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அதற்கப்புறம் மரங்களைப் பற்றிப் பேசவே இல்லை.

லென்ஸ் ஃப்ளேர் (லென்ஸில் வெளிச்சம் பட்டுச் சிதறுவது), கிரெயின் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்), ஓரங்களில் இருட்டு இதெல்லாம் கடைசியில், படத்தின் அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் காம்பாசிட்டிங்கில் சேர்ப்பது. அந்த லென்ஸில் உள்ள அளவுக்குச் சேர்த்தால் போதும். சரியில்லாத வெளிச்சத்தை இவற்றால் மூடும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, கேமரா நகர ஆரம்பித்ததும் பொய் வெளியே வந்துவிடும். இந்த ஷாட்டில் கேமரா மேலே எழும்பி, படத்தில் இல்லாத கோணத்துக்குப் போனபோதும் மணல் மணலாகவே இருந்தது. பிறகு இயக்குநர் இதே இடம் விடியற்காலையில் வேண்டும் என்று கேட்டார், சூரியனை மட்டும் நகர்த்தினோம், மணலின் நிறத்தைத் தொடவில்லை.

ரெக்கிக்குப் போகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் கேட்பது சில விஷயங்கள்தான். ரா ஃபைலாக எடுங்கள், கேமராவின் கடிகாரம் சரியா என்று பாருங்கள், அளவு தெரிய ஒரு ஆளை நிற்க வையுங்கள், ஒரு படத்திலாவது வெள்ளையாக ஏதாவது, வேட்டியோ சுவரோ, பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் வரட்டும். முடிந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படத்தைக் காட்டி, இதில் என்னவெல்லாம் தெரிகிறது என்று கேட்டு, அவர் சொல்வதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.