இளையவரை முதலில் பேச விடுங்கள்

ஆன்மிகக் குழு கூடி முடிவெடுக்கும்போது மூத்தவர் வாய் திறந்ததும் இளையவர்கள் அடங்கிவிடுவார்கள். மரியாதைதான், ஆனால் பாதி யோசனை அங்கேயே போய்விடுகிறது. வயதில் சிறியவரிலிருந்து தொடங்குங்கள். 6ஆம் நூற்றாண்டிலேயே, கிறிஸ்தவத் துறவிகளுக்கு விதிநூல் எழுதிய புனித பெனடிக்ட், முக்கியமான காரியம் என்றால் மடத்தில் எல்லோரையும் கூட்டச் சொன்னார். நல்ல வழியை இறைவன் பல நேரம் இளையவருக்கே காட்டுகிறார் என்று காரணமும் சொன்னார். சிறிய விஷயங்களுக்கு மூத்தோர் போதும் என்றார். எல்லோரையும் கேட்டபின் முடிவு மடத்தலைவருடையது.

பொறுப்பை ஒப்படைப்பதில்தான் பெரிய சிக்கல். ஒரு வழிபாட்டை இளைஞரிடம் கொடுத்தால் பாடல், நேரம், உரை என முழுதாகக் கொடுங்கள். நடுவில் மைக்கை வாங்கித் திருத்தினால் அடுத்த முறை அவர் முன்வரவே மாட்டார். குறையை மறுநாள் தனியாகச் சொல்லலாம். பணக் கணக்கும், மனமுடைந்து வருபவருக்கு ஆலோசனை சொல்வதும் மட்டும் வேறு. இளையவர்கள் ஆர்வத்தில் நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிடுவார்கள்; அங்கே மூத்தவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.